நாக்கு சொன்ன ஆலை

டிசம்பர் 7, ஞாயிறு

பேத்தி பாதியில் விட்டுப்போன பள்ளி நோட்டு இது. முதல் நாலு பக்கம் பதினாறாம் வாய்ப்பாடு. விசாலாட்சிதான் கையில் கொண்டுவந்து திணித்தாள்.

"இனிமே வசந்தாமணியப் பத்திப் பேசறதா இருந்தா இதுல எழுதி வெச்சுக்கங்க. எங்கிட்டப் பேசாதீங்க. பத்து வருசமாக் கேட்டுக் கேட்டு என்ற காது தேஞ்சு போச்சு."

கட்டிக்கொண்டவள் சொன்னால் கேட்க வேண்டியதுதான். எழுதுகிறேன்.

காலை பதினொரு மணிக்கு டிவியில் 'சோதித்துப் பார்' வந்தது. ஞாயிறுதோறும் வரும் அறிவியல் நிகழ்ச்சி. பால், எண்ணெய், மிளகாய்த்தூள் என்று வாரத்துக்கு ஒன்றை எடுத்துக் கண்ணாடிக் குடுவையில் போட்டுக் குலுக்கிக் காட்டுவார்கள். இன்று வெல்லம். நிபுணர் நாற்காலியில் வசந்தாமணி. பட்டு கட்டவில்லை, கைத்தறிப் புடவை. அதிலும் அவளுக்கு ஒரு யோசனை இருக்கும். பெயருக்குக் கீழே 'வெல்ல நிபுணர்' என்று எழுதிப் போட்டார்கள்.

நான் இந்தச் சந்தையில் முப்பத்துநாலு வருடமாக வெல்ல மண்டி வைத்திருக்கிறேன். சைக்கிள் கேரியரில் வெல்லம் கட்டித் திருப்பூர் டீக்கடைகளுக்கு மிதித்து மேலே வந்தவன். ஒரு துண்டை நாக்கில் வைத்தால் எந்த ஆலையில் காய்ச்சியது, எந்த வாய்க்கால் பாய்ந்த கரும்பு என்று சொல்வேன். பந்தயம் கட்டி ஒருமுறைகூடத் தோற்றதில்லை. வசந்தாமணி புருஷன் போன பிறகு தொழிலுக்கு வந்தவள். நாட்டுச்சர்க்கரையையும் வெல்லத்தையும் காகிதப் பையில் போட்டு, மேலே பசுமாட்டுப் படம் அச்சடித்து விற்கிறாள். பசுமாட்டுக்கும் கரும்புக்கும் என்ன சம்பந்தம் என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை.

நிகழ்ச்சியில் இரண்டு துண்டு வைத்தார்கள். ஒன்று மஞ்சள், ஒன்று கறுப்பு. இரண்டின் மேலும் அமிலம் சொட்டினார்கள். மஞ்சள் பொங்கி நுரைத்தது, கறுப்பு சும்மா இருந்தது. உடனே தொகுப்பாளன் கேமராவைப் பார்த்துச் சொல்லிவிட்டான். மஞ்சள் வெல்லம் ரசாயனமாம், கறுப்பு வெல்லம் சுத்தமாம். இவள் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

நிறத்தை வைத்து வெல்லத்தைச் சொல்ல முடியாது. வாய்க்காலோரத்து மணல் மண்ணில் விளைந்தால் மருந்தே போடாமல் பொன்னாக வரும். உப்புத்தண்ணீர் கிணற்றில் விளைந்தால் என்ன செய்தாலும் கறுக்கும். இது சந்தையில் சாக்கு தைப்பவனுக்கும் தெரியும்.

கடைசியில் தொகுப்பாளன் அந்த மஞ்சள் துண்டைக் கொடுத்து, எந்த ஆலை என்று கண்டுபிடிக்க முடியுமா என்று கேட்டான். கடித்துப் பார்த்துவிட்டு, "அதெல்லாஞ் சொல்ல முடியாதுங்க" என்று சிரித்தாள்.

சொல்ல முடியாதாம். நிபுணராம்.

டிசம்பர் 8, திங்கள்

டீக்கடையில் மூன்று பேர் கேட்டார்கள், "வசந்தாமணியக்கா டிவில வந்தாங்களே, பாத்தீங்களா?" என்று. பார்க்கவில்லை என்று சொன்னேன்.

டிசம்பர் 13, சனி

சந்தை. பொங்கலுக்கு முந்தைய சந்தைகள்தான் எங்களுக்கு வருடம். எப்போதும் இந்த நாளில் மஞ்சள் வெல்லத்துக்கு அடிதடி நடக்கும். இன்று வெளியூர் வியாபாரிகள் மஞ்சளைக் கண்டால் ஒதுங்கிப் போனார்கள். "கறுப்பு இருக்குதுங்களா, கறுப்பு?" என்று ஒரே கேள்வி.

நல்லப்பண்ணன் சிப்பம் அப்படியே கிடந்தது. சிப்பம் என்றால் பனையோலைப் பாய் சுற்றிய வெல்லக்கட்டு. முதன்முதலில் என் சைக்கிளில் ஏறிய வெல்லம் அவருடையது. வெண்டைச் செடிச் சாறு ஊற்றி அழுக்கெடுப்பார், வேறு எதுவும் சேர்க்க மாட்டார். வெயிலில் வைத்தால் உள்ளே விளக்கு எரிகிற மாதிரி இருக்கும்.

"என்ன தம்பி பண்றது?" என்றார். "இத்தன வருசம் பொன்னாட்டம் இருக்குதுன்னு வாங்குனாங்க. இப்பப் பொன்னாட்டம் இருக்கறதே குத்தமாப் போச்சு. காட்டுல இன்னும் பாதிக் கரும்பு நிக்குது. பொங்கல் தாண்டுனா அடுப்ப அணைச்சுட்டுப் போக வேண்டியதுதான்."

நானும் வாங்கவில்லை. வாங்கி யாருக்கு விற்பது? என் கிடங்கிலேயே மஞ்சள் கிடக்கிறது. ஆனால் சும்மா விடவில்லை, தொழில்காரனாக ஒரு வழி சொன்னேன்.

"கறுப்பு கேட்டாக் கறுப்பே குடுங்கண்ணா. கொதியில ஒரு புடி சோடா உப்பு சேத்துப் போடுங்க. நெறம் கறுத்துரும்."

"சோடாவா? என்ற கொப்பரையில அது பட்டதே இல்லீங்களே."

"ஆப்பத்துக்குப் போடறதுதானுங்க. தின்னவன் ஒண்ணும் செத்துப்போக மாட்டான். பொங்கல் தாண்டட்டும், அப்பறம் பழையபடி காச்சிக்கலாம்."

தலையை ஆட்டினார். எல்லாம் அந்த வசந்தாமணி ஞாயிற்றுக்கிழமை சிரித்த சிரிப்பால் வந்தது.

டிசம்பர் 17, புதன்

கோயமுத்தூர் போய் அந்த நிகழ்ச்சி எடுக்கும் ஆபீசைப் பிடித்தேன். விசாலாட்சியிடம் மூக்குக்கண்ணாடி மாற்றப் போகிறேன் என்று சொல்லிப் போனேன்.

நிரஞ்சனா என்ற பெண் வந்து பேசினாள். இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். நிகழ்ச்சிக்கு ஆள் பிடிப்பது அவள் வேலை. ஒளிவு மறைவு இல்லாத பெண்.

"வெல்லத்துக்கு எப்படிம்மா அந்தம்மாவப் புடிச்சீங்க?"

"உண்மையச் சொல்லட்டுமா சார்? முதல்ல ஒரு புரொஃபசரத்தான் கேட்டோம். எதக் கேட்டாலும் மண்ணப் பொறுத்தது, கரும்பு ரகத்தப் பொறுத்தது, பொதுவாச் சொல்ல முடியாதுன்னாரு. நாலு நிமிஷத்துல நான் எங்க சார் மண்ணக் காட்டறது? வசந்தாமணி மேடம் ஃபோன் எடுத்தாங்க, அடுத்த நாளே வந்தாங்க, நல்லா சிரிச்சாங்க."

"சிரிச்சா நிபுணரா?"

"டிவிக்கு அதுவும் ஒரு தகுதி சார்."

"எத்தன வெல்லம் சோதிச்சீங்க?"

"ஒன்பது."

"எத்தன நொரைச்சுது?"

மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பார்த்தாள். "மூணு."

"மூணுமே மஞ்சளா?"

"ஒண்ணு மஞ்சள். ரெண்டு கறுப்பு."

"அந்த ரெண்ட ஏம்மா காட்டல?"

"டைம் இல்ல சார். அதோட, அதக் காட்டினா பாக்கறவங்க எதத்தான் வாங்குறதுன்னு குழம்பிடுவாங்க."

மூட்டை வாயில் நல்ல சரக்கை வைத்து அடியில் மற்றதை வைப்பது எங்கள் தொழிலிலும் உண்டு. ஆனால் நாங்கள் அதற்கு அறிவியல் என்று பெயர் வைப்பதில்லை. இதை அவளிடம் சொன்னேன். சிரித்து எழுதிக்கொண்டாள்.

கிளம்பும்போது பேச்சுவாக்கில், ஒரு துண்டு கொடுத்தால் ஆலையின் பெயரைச் சொல்வேன் என்றேன். அவள் பேனா நின்றது.

"நிஜமாவா சார்? கேமரா முன்னாடி சொல்வீங்களா?"

நான் போனது மஞ்சள் வெல்லத்துக்கு நியாயம் கேட்க. இதை நோட்டில் தெளிவாக எழுதி வைக்கிறேன்.

டிசம்பர் 18, வியாழன்

போன் வரவில்லை.

டிசம்பர் 19, வெள்ளி

வரவில்லை. மூக்குக்கண்ணாடி எங்கே என்று விசாலாட்சி கேட்டாள். செய்யக் கொடுத்திருப்பதாகச் சொன்னேன்.

டிசம்பர் 20, சனி

சந்தைக்கு நல்லப்பண்ணன் கறுப்பு வெல்லம் கொண்டுவந்தார். அவர் சிப்பத்துக்குள் அந்த நிறத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே நின்றார். அவர் மஞ்சளுக்குப் பேர்போனவர் என்பதால் வியாபாரிகள் கறுப்பைப் பார்த்தும் நம்பவில்லை, தள்ளித்தள்ளிப் போனார்கள்.

வசந்தாமணி வந்தாள். ஒரு விள்ளல் கிள்ளி வாயில் போட்டாள். பிறகு தாழ்ந்த குரலில், "ஏனுங்ண்ணா, நீங்களுமா?" என்றாள். நல்லப்பண்ணன் தரையைப் பார்த்தார். மொத்தச் சரக்கையும் எடுத்துக்கொண்டாள்.

டிவியில் வந்தவள் எடுத்தால் மற்றவன் சும்மா இருப்பானா? அரைமணி நேரத்தில் சந்தையில் இருந்த கறுப்பு முழுக்கக் காலி. அவள் கை வைத்தால் சரக்கு நகர்கிறது. முன்பெல்லாம் நான் கை வைத்தால் நகரும்.

டிசம்பர் 23, செவ்வாய்

போன் வந்தது.

வெல்லத்துக்கு ஏகப்பட்ட பேர் எழுதிக் கேட்கிறார்களாம், அதனால் இரண்டாம் பாகம் எடுக்கிறார்களாம். "இந்த வாட்டி கறுப்பு வெல்லம் சார். கறுப்பும் ஆபத்துன்னு காட்டணும். நீங்கதான் எக்ஸ்பர்ட். நுரைக்கிற கறுப்பு ஒண்ணு நீங்களே கொண்டு வந்துட முடியுமா?"

"நெறத்த வெச்சு எதையும் சொல்ல முடியாதுன்னு நான் சொல்லோணுமேம்மா."

"தாராளமாச் சொல்லுங்க சார். அதோட நுரைக்கிறதும் வேணும்."

விசாலாட்சியிடம் சொன்னேன். "மூக்குக்கண்ணாடி ரெடியாயிருச்சுங்களா?" என்று மட்டும் கேட்டாள். வெள்ளைச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தேன். பிறகு வாங்கி நீலச் சட்டையைக் கொடுத்தேன். வெள்ளை கேமராவில் கண் கூசும் என்கிறார்கள்.

டிசம்பர் 25, வியாழன்

சமையலறையில் பன்னிரண்டு வெல்லத்தைத் தட்டுகளில் வரிசையாக வைத்து எலுமிச்சைச் சாறு பிழிந்து பார்த்தேன். பல கடையில், பல ஆலையில் வாங்கியது. மஞ்சள் ஆறு, கறுப்பு ஆறு. பத்து ஒன்றும் செய்யவில்லை. இரண்டு நுரைத்தன.

ஒன்று வசந்தாமணியின் பசுமாட்டுப் பையில் இருந்த கறுப்பு. ஒரு விள்ளல் வாயில் போட்டேன். எந்தக் காடு, யார் அடுப்பு என்று நாக்கு சொல்லிவிட்டது. அதை இங்கே எழுத வேண்டிய அவசியம் இல்லை. பை அவளுடையது. பையில் போட்டு விற்பவர்தான் பொறுப்பு.

நுரைத்த இன்னொன்று மஞ்சள். என் கிடங்கில் இருந்தது. எவனோ கலந்து என் தலையில் கட்டியிருக்கிறான்.

விசாலாட்சி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பசுமாட்டுப் பையை மட்டும் எடுத்து வைத்ததும் கேட்டாள்.

"இதுவுந்தான் நொரைச்சுது. இதையும் கொண்டு போங்க."

"அதுக்கு அங்க டைம் இருக்காது."

"அந்தப் பத்து?"

"அது நொரைக்கவே இல்லையே, அதக் கொண்டுபோய் என்ன காட்டறது?"

அவள் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவிப்போட்டாள். இன்றைக்குப் பார்த்து ரொம்பச் சத்தமாகக் கழுவினாள்.

டிசம்பர் 29, திங்கள்

ஷூட்டிங் முடிந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

முகத்துக்கு மாவு பூசினார்கள். பெயர்ப்பலகையில் என்ன போடட்டும் என்று நிரஞ்சனா கேட்டாள். 'மூத்த வெல்ல நிபுணர்' என்று போடச் சொன்னேன். வசந்தாமணிக்குப் போட்டதைவிட ஒரு வார்த்தையாவது கூட இருக்க வேண்டும் அல்லவா?

ஐம்பது நிமிடம் பேசினேன். மண், தண்ணீர், ரகம், கொதி எல்லாம் சொன்னேன். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், மஞ்சளிலும் நல்லது உண்டு, கறுப்பிலும் கெட்டது உண்டு என்று மூன்று முறை சொன்னேன். சோடா உப்பு நம் அடுக்களையில் இருப்பதுதான், விஷம் இல்லை என்றும் சொன்னேன். தொகுப்பாளன் தலையை ஆட்டிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தான்.

பிறகு அமிலம் சொட்டினார்கள். பசுமாட்டுப் பை வெல்லம் நன்றாகப் பொங்கியது. பையில் இருந்த பெயரை மட்டும் கறுப்புத்தாள் ஒட்டி மறைத்துவிட்டார்கள். கம்பெனிப் பெயர் காட்டினால் வக்கீல் நோட்டீஸ் வருமாம். எனக்குச் சப்பென்று போய்விட்டது. இவ்வளவு தூரம் தூக்கி வந்தது அந்தப் பெயருக்காகத்தான்.

அப்போதுதான் தொகுப்பாளன் அந்தத் துண்டை என்னிடம் நீட்டினான்.

"போன வாட்டி வந்த மேடம்கிட்ட இதே கேள்வி கேட்டோம் சார். அவங்களால முடியல. உங்களால முடியுமா?"

நாக்கில் வைக்கவே தேவையில்லை, வியாழக்கிழமையே தெரியும். இருந்தாலும் வைத்தேன். கண்ணை மூடினேன். நல்லப்பண்ணன் முகம் வந்தது என்று எழுதினால் பொய். வசந்தாமணி முகம்தான் வந்தது, அந்தச் சிரிப்போடு, 'அதெல்லாஞ் சொல்ல முடியாதுங்க' என்று.

சொன்னேன். வாய்க்கால் பெயர், ஊர், ஆலை, ஆலைக்காரர் பெயர், நாலும். லைட் பிடிக்கிறவர்கள்கூடக் கைதட்டினார்கள். யாரோ போனைப் போட்டு நல்லப்பண்ணனிடமே விசாரித்து, அவர் சரக்குதான் என்று சரிபார்த்தும் விட்டார்கள். நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மனிதர், எதற்குக் கேட்கிறார்கள் என்று தெரியாமலே, "ஆமாங்க, என்ற சரக்குதானுங்க" என்றிருக்கிறார்.

காரில் ஏறும்போது நிரஞ்சனா வந்தாள்.

"சார், கம்பெனி பேர மறைச்சுட்டு அந்த ஆலைக்காரர் பேர மட்டும் விடறது எனக்கு ஒரு மாதிரி இருக்கு. எடிட்டிங்ல எடுத்துடலாமா? ஆனா எடுத்தா நீங்க கண்டுபிடிச்சதும் போயிடும். நுரை மட்டும்தான் இருக்கும்."

"அதையும் எடுத்துட்டா நான் எதுக்கும்மா வந்தேன்?" என்றேன்.

டிசம்பர் 30, செவ்வாய்

வரும் ஞாயிறு போடுகிறார்களாம்.

ஜனவரி 4, ஞாயிறு

வந்தது. நாலு நிமிடத்துக்கும் குறைவு. மண், தண்ணீர், ரகம் ஒன்றும் இல்லை. நிறத்தைப் பார்க்காதீர்கள் என்று மூன்று முறை சொன்னதில் ஒருமுறையும் இல்லை. சோடா விஷமில்லை என்றதும் இல்லை. நுரை இருந்தது. நான் கண்ணை மூடியது இருந்தது. நல்லப்பண்ணன் பெயர் இருந்தது. அதற்கு மட்டும் டொய்ங் என்று ஒரு சத்தம் வேறு சேர்த்திருந்தார்கள். கீழே 'கறுப்பிலும் கலப்படம்' என்று சிவப்பில் ஓடியது.

பெயர்ப்பலகையில் 'மூத்த' இல்லை. வெறும் 'வெல்ல நிபுணர்'.

விசாலாட்சி ரிமோட்டை எடுத்து அணைத்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

ஜனவரி 5, திங்கள்

டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தார்கள். "அண்ணன் நாக்குன்னா நாக்கு" என்றார்கள். திருப்பூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன். மொத்தம் பதினேழு. நல்லப்பண்ணன் பண்ணவில்லை. அவர் வீட்டில் டிவி உண்டு.

ஜனவரி 6, செவ்வாய்

வசந்தாமணி மண்டிக்கு வந்தாள். பத்து வருடத்தில் முதல்முறை. உட்காரச் சொன்னேன், நின்றுகொண்டே பேசினாள்.

"டிவில நல்லாப் பேசுனீங்ண்ணா."

"பேசுனதுல பாதி வரல."

"எனக்கும் வரலீங்க. நெறத்தப் பாத்து வாங்காதீங்கன்னு நானுந்தான் சொன்னேன். நாப்பது நிமிசம் பேசுனேன். சிரிச்சத மட்டும் போட்டாங்க."

அப்படியானால் நானும் அவளும் ஒரே வார்த்தையைத்தான் அங்கே போய்ச் சொல்லியிருக்கிறோம்.

"அப்ப அந்தச் சோடா வெல்லத்த ஏம்மா பையில போட்டீங்க?"

"வாயில போட்டதுமே தெரிஞ்சுதுங்க. அத நானும் எடுக்கலீன்னா அவரு திருப்பித் தூக்கிட்டுப் போயிருப்பாரு. ஆப்ப சோடாதானேன்னு எடுத்தேன். அது என்ற தப்பு. ஒத்துக்கறேன்." சேலை நுனியைச் சரிசெய்துகொண்டாள். "ஆனா ஒண்ணுங்ண்ணா. அன்னைக்கு அந்த மஞ்சத் துண்டக் குடுத்து எந்த ஆலைன்னு கேட்டாங்கல்ல. எனக்கும் நாக்கு இருக்குதுங்க. கடிச்சதும் ஆளே முன்னாடி வந்து நின்னாரு. பேரச் சொன்னா ஒருத்தரு அடுப்பு அணைஞ்சு போயிரும்னுதான் வாயக் கட்டிக்கிட்டேன்."

"யாரது?"

"உங்ககிட்டச் சொல்றதுக்கா அன்னைக்குச் சொல்லாம வந்தேன்?"

போய்விட்டாள். அவளுக்கு நாக்கு இருக்கிறதா என்பதை நான் எப்படி நம்புவது? யார் வேண்டுமானாலும் பிறகு வந்து தெரியும் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

சாயங்காலம் வரை மண்டியில் வேலை ஓடவில்லை.

ஜனவரி 10, சனி

பொங்கலுக்கு முன் கடைசிச் சந்தை.

நல்லப்பண்ணன் வந்திருந்தார். கறுப்பு இல்லை. பழைய கொதி, வெண்டைச்சாறு வெல்லம், பொன்னாக இருந்தது. இனி சோடா தொடுவதில்லை என்று காய்ச்சியிருக்கிறார். அவர் சிப்பத்தைத் திறந்துவைத்திருந்த இடத்துக்கு முன்னால் நடைபாதை அகலமாகத் தெரிந்தது. யாரும் அந்தப் பக்கமாக நடக்கவில்லை.

ஏலம் சொல்கிறவர் அவர் பெயரைச் சொன்னதும் கூட்டத்தில் ஒருவன், "டிவில வந்த நல்லப்பனுங்களா?" என்றான். சிரித்தார்கள். இரண்டாம் முறை கூவினார். வசந்தாமணி இந்தச் சந்தைக்கு வரவில்லை. திரும்பிப் பார்த்தால் எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். நிபுணர் என்ன செய்கிறார் என்று.

அந்த வெல்லத்தை நான் தொட்டுப் பார்க்கவே வேண்டாம், சுத்தம் என்று தூரத்திலேயே தெரியும். கை தூக்கினால் எடுத்துவிடலாம். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் கெட்டது என்று காட்டிய ஆளிடம் இந்தச் சனிக்கிழமை நானே வாங்கினால், சொன்னது பொய்யா, வாங்குவது பொய்யா என்று கேட்பார்கள். டீக்கடையில் எழுந்து இடம் கொடுத்தவர்கள் கேட்பார்கள்.

மூன்றாம் முறையும் கூவினார். என் கை வேட்டி மடிப்புக்குள் இருந்தது.

அவரே சிப்பங்களை வண்டியில் ஏற்றினார். ஏற்றி முடித்துவிட்டுத் துண்டை உதறி, என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். எப்போதும் அப்படித்தான் கும்பிடுவார்.

ஜனவரி 12, திங்கள்

நல்லப்பண்ணன் ஆலைக்குப் போனேன். அந்தப் பக்கம் ஒரு வேலை இருந்தது.

அடுப்பு அணைந்திருந்தது. தை பிறக்கப் போகிற நேரத்தில் அங்கே புகை இல்லாமல் நான் பார்த்ததில்லை. கொப்பரையைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். சக்கை காய்ந்து குவிந்து கிடந்தது. காட்டில் பாதிக் கரும்பு பூத்துவிட்டது. பூத்த கரும்பில் சாறு குறையும்.

"வாங்க தம்பி" என்று கட்டிலை இழுத்துப் போட்டார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனவர் வெளியே வரவில்லை.

"கரும்ப என்ன பண்ணப் போறீங்ண்ணா?"

"சர்க்கர மில்லுக்கு வெட்டி அனுப்பிருவேன். அவிய நெறமும் பாக்க மாட்டாங்க, நாக்குலயும் வெக்க மாட்டாங்க."

"அடுப்பு?"

"அடுப்புக்கு என்னுங்க, மண்ணுதானே. மழை பேஞ்சாக் கரைஞ்சுரும்."

நான் ஆரம்பித்தேன். டிவிக்காரர்கள் வெட்டிவிட்டார்கள், நிறத்தைப் பற்றி நான் சொன்னது வரவில்லை, சோடா விஷமில்லை என்றது வரவில்லை என்று முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாஞ் செரிங்க தம்பி. நீங்க சொன்னது நெசந்தானே. நானு சோடா போட்டேன், நுரைச்சுது." தலையைச் சொறிந்தார். "எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வெளங்கல. சோடா போடச் சொன்னது நீங்கங்கறதும் அதுல வந்துச்சுங்களா, அதையும் வெட்டிப்புட்டாங்களா?"

அவர் குத்தலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

வெட்டிவிட்டார்கள் என்று சொன்னேன்.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

விசாலாட்சி இலையில் பொங்கல் வைத்தாள். ஒரு வாய் வைத்ததுமே தெரிந்துவிட்டது யார் வெல்லம் என்று. கிடங்கில் அத்தனை இருந்தும் எனக்குத் தெரியாமல் வண்டி வைத்து அந்த அணைந்த அடுப்புக்கே போய் வாங்கி வந்திருக்கிறாள்.

"எந்த ஆலைன்னு சொல்லுங்க பாக்கலாம்" என்றாள்.

எழுந்து கை கழுவிவிட்டேன்.

ஜனவரி 17, சனி

சந்தை மந்தம். வசந்தாமணி நாலு வாரத்துக்கு முன் எடுத்த நல்லப்பண்ணன் சரக்கைக் கடைகளிலிருந்து திருப்பி வாங்கிவிட்டாளாம், பைக்குள் ஒரு சீட்டு வைக்கிறாளாம், எதில் எது சேர்ந்திருக்கிறது என்று. ஊரே பேசுகிறது. இதை முதலில் நான் யோசித்திருக்கலாம்.

ஜனவரி 19, திங்கள்

நிரஞ்சனா போன் செய்தாள்.

"சார், உங்க எபிசோடுதான் இந்த வருஷத்துலயே அதிகம் பேர் பாத்தது. அடுத்த வாரம் தேன். சுத்தமான தேனா, பாகான்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுன்னு. நீங்க ஒரு சொட்டு நாக்குல வெச்சு எந்த மலைன்னு சொல்லணும். வர்றீங்களா?"

தேனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மருந்து குழைக்க வாங்கியதோடு சரி. எனக்குத் தெரியாதும்மா என்ற சொல் தொண்டைக்கு வந்துவிட்டது. இரண்டு சொல்தான், சொல்லிவிட்டுப் போனை வைத்திருந்தால் முடிந்தது. அதற்குள் வேறொன்று முந்திக்கொண்டது.

"என்னைத்தான் மொதல்ல கேக்கறீங்களா?"

"இல்ல சார். முதல்ல வசந்தாமணி மேடத்தக் கேட்டோம். எனக்குத் தெரியாதும்மான்னு சொல்லி வெச்சுட்டாங்க."

விசாலாட்சி சமையலறையில் ஏதோ உருட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது.

நான் சொல்ல வேண்டியதை வசந்தாமணி எனக்கு முன்னாலேயே சொல்லி முடித்திருந்தாள். இனி நான் சொன்னாலும் அவள் சொன்னதைத் திருப்பிச் சொன்னதாகத்தான் இருக்கும்.

"எனக்குத் தெரியும்மா" என்றேன். "காரு எத்தன மணிக்கு வரும்?"